ஏறாத பற்றறி

பற்றறிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்டாவளைக் கிணறுகளில் உப்பு. அது உள்ளே இருக்கும் தகடுகளைத் தின்றுவிடும். மழைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதுவும் கூரையில் வழிந்தது ஆகாது. முற்றத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் பிடித்ததாக இருக்க வேண்டும். தில்லைநாதன் அண்ணைக்கு இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் பரந்தன் சந்தியில் பற்றறி சார்ஜ் செய்பவன். அவர் தன் பழைய காரின் பற்றறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் அமிலம் சிந்தி, அவருடைய வேட்டியின் பின்பக்கம் சல்லடையாகிவிட்டது. சந்தியே சிரித்தது. அதன்பிறகு மண்ணெண்ணெய் எஞ்சினும் டைனமோவும் வாங்கி வீட்டிலேயே சார்ஜ் செய்யத் தொடங்கினார். எனக்கு அதில் வருத்தமில்லை. இரண்டையும் பெல்ட் போட்டுப் பூட்டிக் கொடுத்ததே நான்தான்.

சார்ஜ் ஏறவில்லை என்று அடிக்கடி ஆள் அனுப்புவார். நானும் போவேன். இந்தக் கோளாறை ஒழுங்காகத் தேட வேண்டும். முதலில் பெல்ட்: அது தளர்ந்தால் எஞ்சின் ஓடும், டைனமோ சோம்பும். பிறகு முனைகள்: வெள்ளையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் கழுவி வசிலின் பூச வேண்டும். அதன்பிறகுதான் மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பது. நிரப்பித் தேக்கிவைப்பதற்குப் பற்றறி என்ன இரணைமடுக் குளமா? உள்ளே ஈயமும் அமிலமும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கின்றன. சார்ஜ் முடியும் நேரம் குமிழிவிடும். வருவது எரியும் வாயு. நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும் விஷயம். அவரோ சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, என்னைக் கேலியாக மாஸ்டர் என்று கூப்பிட்டு, பாதியிலேயே வெட்டிவிடுவார்.

“காணும் மாஸ்டர், காணும். நான் என்ன சோதினையே எழுதப் போறன்? கார் ஓடினாச் சரி.”

அவர் மனைவி ஜெகதீஸ்வரி, “இஞ்சரப்பா, அந்த மனிசன் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோவன்,” என்பார்.

“கேட்டா இவர் பொழுதுபட்டாலும் வீட்டை போகார்.”

போன சனிக்கிழமை பின்னேரமும் கூப்பிட்டார். மூடியைத் திறந்தேன். விளிம்பைச் சுற்றி உப்புப் படிந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர். நான் கோபப்படவில்லை. வெளியே எஞ்சினை ஓடவிட்டு வந்து, தூசி வரும் என்று, பற்றறி இருந்த நெல் மூட்டை அறையின் யன்னலைச் சாத்தினேன். நன்றாகக் குமிழிவிடும்வரை காத்திருந்தேன். பிறகு, “அண்ணை, இப்ப வந்து பாருங்கோ,” என்றேன்.

வாயில் சுருட்டோடு வந்தார். சொன்னதையே திரும்பச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. அதனால் நான் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் குனிந்தார்.

பற்றறிப் பெட்டி வெடித்துப் பிளந்து, அமிலம் அவர் கண்களுக்குள் போய்விட்டது. கன்னத்தில் ஒரு துண்டு ஈயம் ஏறி நின்றது. “தண்ணி, தண்ணி” என்று நிலத்தில் கிடந்து உருண்டார். ஜெகதீஸ்வரி வாளியோடு ஓடிவந்தார். நான் அதை வாங்கி ஒருபக்கம் வைத்தேன். கண்ணில் அமிலம் பட்டால் எந்தத் தண்ணீரும் நல்லது. உடனே, நிறைய ஊற்ற வேண்டும். அதையும் ஜெகதீஸ்வரிக்கு விளக்கினேன். ஆனால் ஏன் வெடித்தது என்பதை அண்ணை முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா?

“அப்புத்துரையண்ணை, உங்களைக் கும்பிட்டன், வாளியைத் தாங்கோ!”

நான் கொடுக்கவில்லை. ஜெகதீஸ்வரி வயலில் நின்ற ஆட்களைக் கூப்பிட ஓடினார்.

வாயுவைப் பற்றித் தொடங்கினேன். அண்ணை கத்திய கத்தலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எஞ்சினைச் சுற்றிவிட்டு நான் உள்ளே கொண்டுவந்து வைத்திருந்த இரும்புப் பிடி கைக்கு எட்டியது. தலையில் அடித்தேன். அடங்கவில்லை, அடங்கும்வரை அடித்தேன். மண்டை தேங்காய்போல் உடையாது, ஐயா. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரேயடியாக இடம்விடும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து, அவர் பக்கத்தில் சப்பணம் கட்டி இருந்தேன். பெல்ட்டில் தொடங்கி வாயு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆட்கள் கதவைத் தள்ளியபோது முடிக்கும் இடத்துக்கு வந்திருந்தேன்.

அண்ணையை ஒன்றும் விளங்காத மொக்கர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறுதலாகச் சொன்னேன், அமைதியாகக் கேட்டார். எல்லாம் அவருக்கு நன்றாக விளங்கியது.