துணியைக் கழித்து எழுதிய கை

இருபத்தேழு ஆண்டுப் பணி நிறைவு செய்யும் அளவைப் பிரிவுத் தலைவி தோன்யா எர்மினியா கோந்தோரி அவர்களுக்கு, புனாத்தா பள்ளத்தாக்குக் குழந்தை வளர்ச்சி ஆய்வு நிலையத்தார் படித்தளிக்கும் மடல்

அன்பிலும் அளவிலும் குறை வைக்காத, ஊரார் மரியாதையாகத் 'தோன்யா' என்றழைக்கும் அம்மையீர்!

நிற்க இயலாத பிள்ளைகளின் உயரத்தை நெடுங்காலம் அளந்தவரே! பேச இயலாத பிள்ளைகளின் பசியை எண்களில் பேச வைத்தவரே! கூந்தல் நிறையக் காகிதப் பூத்தூளும் கழுத்து நிறைய மாலையுமாக இன்று எங்கள் எதிரே கூச்சத்தோடு அமர்ந்திருப்பவரே! வணக்கம்.

செவ்வாய்க்கிழமை சந்தை கூடினால்தான் நம் நிலையமும் கூடும். வெங்காயம் விற்க இறங்கும் தாய்மார் பிள்ளையையும் சுமந்துதான் வருவார்கள் என்று கண்டு, அளவை நாளைச் செவ்வாய்க்கு மாற்றியவர் நீங்கள். அதற்கு முன் வியாழன்தோறும் நாங்கள் ஐந்து பேர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதமே வாசலில் வரிசை நின்றது.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளையை அளப்பது சுவரில் கோடு கிழித்து நிற்க வைக்கும் வேலை இல்லை. முதுகு வளைந்திருக்கும், கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும், அந்நியர் கை பட்டால் உடம்பு வில்லாக விறைக்கும். நீங்களோ பாயில் படுத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராக முகம் வைத்து, அது சிரிக்கும் வரை காத்திருப்பீர்கள். சிரித்த கணத்தில் உடம்பு இளகும். குதிகாலிலிருந்து முழங்கால் வரை அளவு எடுத்துவிடுவீர்கள். அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவோம். ஒரு பிள்ளைக்கு நாற்பது நிமிடம் ஆனதும் உண்டு. வரிசை முணுமுணுக்கும். நீங்கள் எழுந்ததே இல்லை.

இத்தனையும் எழுதி, "வாழ்க" என்று முடித்துவிடத்தான் நினைத்தோம். ஆனால் நேற்று நீங்கள் எங்களை எச்சரித்தீர்கள்: "என்னப் பத்திப் பூவா சுத்தாதீங்க. அந்தத் துணி விஷயத்த விட்டுட்டுப் படிச்சீங்கன்னா, பாதியிலயே எழுந்து போயிடுவேன்." சொன்னால் செய்வீர்கள் என்பதால், அதையே படிக்கிறோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், நூற்று எண்பத்தாறு பிள்ளைகளின் ஒன்பது ஆண்டு எடைகளைக் கூட்டிப் பார்த்து நம் இயக்குநர் டாக்டர் ரெனான் உர்கிதி ஒரு கட்டுரை எழுதி முடித்தார். நம் பள்ளத்தாக்கில் இப்பிள்ளைகளின் எடை பெரிதும் குறையவில்லை, பத்தில் இருவருக்குத்தான் குறைவு என்றது கட்டுரை. நல்ல செய்திதான். அந்த நல்ல செய்தியைப் பிடித்துக்கொண்டு, காலைச் சத்துக் கஞ்சி இனித் தேவையா என்று மேலிடம் கேட்டது. மாத முடிவில் கஞ்சியை நிறுத்துவதாக ஏற்பாடு.

அந்த வாரச் செவ்வாயன்று, வெங்காயக்காரி பாசிலியா தன் நான்கு வயது மகள் சுலேமாவை எடை போடக் கொண்டுவந்தார். நிற்காத பிள்ளையை எடை போடும் முறை எல்லோருக்கும் தெரியும்: தாய் பிள்ளையோடு ஏறுவாள், பிறகு தனியே ஏறுவாள், கழித்தால் பிள்ளை. பாசிலியா சுலேமாவை அவாயோவில், பிள்ளையையும் பண்டத்தையும் சேர்த்துச் சுமக்கும் அந்த நெய்த துணியில், முதுகோடு கட்டியபடியே ஏறினார். பிறகு முடிச்சை மட்டும் தளர்த்தி, துணியோடு பிள்ளையை உங்கள் கையில் தந்துவிட்டுத் தனியே ஏறினார். ஒன்பது ஆண்டுகளாக எல்லாத் தாய்மாரும் செய்தது அதுதான். துணியிலிருந்து பிரித்தால் பிள்ளை விறைத்து அழும். யார் பிரிப்பார்?

பத்துக் கிலோ எண்ணூறு என்று எழுதினீர்கள். அப்போது உங்கள் மடியில் இருந்த மூட்டையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு உருண்டு விழுந்தது. அடுத்து ஒரு ரொட்டி. பிறகு அவித்த சோளப் பொட்டலம்.

பாசிலியா சிரித்தார். "ஏன் தோன்யா, என் பொண்ண எடை போடுறீங்களா, என் மூட்டையையா? போற போக்குல வெங்காயத்தையும் போட்டு எழுதிடுங்க. பொண்ணு பயில்வான் ஆயிடுவா!"

வரிசை முழுவதும் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. சுலேமாவை மெல்லப் பிரித்துப் பாயில் கிடத்தி, துணியையும் அதிலிருந்த பண்டத்தையும் தனியே தராசில் வைத்தீர்கள். ஒரு கிலோ இருநூறு.

உங்கள் மூன்று பிள்ளைகளையும் நீங்கள் அவாயோவில்தான் சுமந்தீர்கள். எங்களில் பலர் அதில் வளர்ந்தவர்கள். நமக்கு அது துணியாகவே கண்ணில் பட்டதில்லை. பிள்ளையின் தோலாகத்தான் பட்டது. வெளியூரிலிருந்து வந்தவர் எவரும் முதல் நாளே கண்டிருப்பார். நாம்தான் ஒன்பது ஆண்டுகள் காணவில்லை.

மறுநாள் டாக்டரின் அறையில் நடந்தது கதவைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. ஒட்டுக் கேட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு துணிக்காக ஒன்பது வருஷத்தத் தூக்கிப் போடச் சொல்றீங்களா எர்மினியா? வேணும்னா எல்லாத்துலயும் ஒரு கிலோ கழிச்சுக்கலாம்."

"எந்தச் செவ்வாய் எந்த மூட்டையில என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா டாக்டர்? எனக்குத் தெரியாது."

"ஒரு கிலோம்மா. வெறும் ஒரு கிலோ!"

"உங்களுக்கு வெறும் ஒரு கிலோ. சுலேமாவுக்கு அது உடம்புல எட்டுல ஒரு பங்கு. கஞ்சிய நிறுத்தப் போறாங்க டாக்டர். என் கையெழுத்தக் காட்டி நிறுத்தப் போறாங்க."

டாக்டர் மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. அவரைச் சொல்வானேன்? நாங்களும் பேசவில்லை. பத்து மணிக்குச் சால்தேனியாப் பலகாரத் தட்டு வந்தபோது உங்கள் பக்கம் தள்ள யாருக்கும் மனம் வரவில்லை. எங்கள் ஒன்பது ஆண்டு உழைப்பைக் குப்பை என்று சொல்லிவிட்டீர்களே என்ற கோபம். இந்தச் சபையில் அதைச் சொல்லி வருந்துகிறோம்.

நான்காம் நாள் டாக்டர் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். மேலிடத்துக்கும் எழுதினார். மறு எடை முடியும் வரை கஞ்சி தொடரும் என்று பதில் வந்தது. பிறகு அவரே தராசைத் தூக்கித் தம் காரில் வைத்து ஒலி எழுப்பினார். "ஏறுங்க தோன்யா. உங்களால என் முதுகு உடையப் போகுது." பதினான்கு மாதம் மலைப்பாதைகளில் அந்தக் கார் ஓடியது. துணி நீக்கி, காலணி நீக்கி, ஒவ்வொரு பிள்ளையையும் மறுபடி எடை போட்டீர்கள். பத்தில் ஆறு பேருக்கு எடை குறைவு. விழுங்கத் திணறும் பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவூட்டவே ஒரு மணி நேரம் ஆகிறது என்பதை வீடுகளில் உட்கார்ந்து பார்த்து எழுதினீர்கள். கஞ்சி நிற்கவில்லை, கெட்டியாயிற்று. எப்படி உட்கார வைத்து ஊட்டுவது என்று தாய்மாருக்கு வகுப்பும் தொடங்கியது.

புதிய கட்டுரையில் பழைய தவறைக் கருவிப் பிழை என்று எழுத டாக்டர் முனைந்தார். உங்கள் மேல் அவருக்கிருந்த மரியாதை அப்படி. நீங்கள் விடவில்லை. "தராசு மேல பழி போடாதீங்க. பாவம், நான் வெச்சத அது எடை போட்டுச்சு." எடை எடுத்தவரின் பிழை என்றே அச்சாயிற்று. அதே கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இரண்டாவதாக உங்கள் பெயரும் அச்சாயிற்று.

பிழையே செய்யாதவர் என்று உங்களை நாங்கள் பாராட்டப் போவதில்லை. அந்தப் பொய்யை நீங்கள் தராசில் வைத்துவிடுவீர்கள்.

நீங்கள் மறுபடி தேடிப் போனபோது இல்லாமற்போன பிள்ளைகள் நால்வர். அவர்களுடைய எடை பழைய பதிவேட்டில் துணியோடுதான் இருக்கிறது. இனி யாராலும் திருத்த முடியாது. ஒவ்வோர் ஆண்டும், இறந்தோருக்கு மேசையில் படையல் வைக்கும் ஆன்மாக்கள் திருநாளில், அந்த நான்கு வீட்டு மேசைகளுக்கும் நீங்கள் ரொட்டிப் பொம்மை கொண்டுபோய் வைப்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்னதில்லை, ரொட்டிக்காரர் சொன்னார். இனி நாங்களும் உடன் வருவோம்.

அஞ்சாத நெஞ்சமும் அயராத கைகளும் கொண்டவரே! நாளை முதல் செவ்வாய்க்கிழமைகள் உங்களுடையவை. முழங்கால் வலி தணிந்து, மூச்சு இதமாகி, பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நீங்கள் நெடுநாள் நலமாக இருக்க வேண்டும். சந்தைக்கு வரும்போது இந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள்; நாங்கள் சரியாகத்தான் அளக்கிறோமா என்று ஒரு கண் வையுங்கள்.

எங்கள் பரிசாக ஓர் அவாயோ. நெய்தவர் பாசிலியா. நிறங்களைத் தேர்ந்தவள் சுலேமா. நூல் உருண்டைகளை வரிசையாக வைக்க, வேண்டியதைக் கண்ணால் காட்டினாள். அம்மா சொன்ன பச்சையை மூன்று முறை மறுத்தாள். எடை தொள்ளாயிரத்து நாற்பது கிராம். ஓரத்தில் தைத்திருக்கிறோம், மறக்காமல் கழிப்பதற்காக.

கடைசியாக ஒன்று. மேடை ஓரத்தில் மூடி வைத்திருப்பது தராசு. முன்வரிசையில் இருக்கும் சுலேமாவுக்கு இன்று அளவை நாள். பதிவேட்டில் அவள் பக்கத்தில் ஒரு வரியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். பாசிலியா அவளைக் கையில் ஏந்தி ஏறுவார். அவளைச் சுமந்து வந்த துணி நாற்காலியிலேயே கிடக்கும். அந்த எண்ணை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், தோன்யா.

இங்ஙனம்,
உங்களிடம் கழிக்கக் கற்றுக்கொண்ட
இயக்குநரும் ஊழியர்களும்
செவ்வாய்க்கிழமை, புனாத்தா