நடுவருக்கு மட்டும் இலவசம்

தங்கை: சார், போர்டை இன்னொரு தடவை படிங்க. இலவசம் எல்லாருக்கும் இல்ல.

வந்தவர்: படிச்சேம்மா. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தே படிச்சேன். "சனிக்கிழமை கூண்டுச் சண்டையை நிறுத்திய நடுவருக்கு மட்டும் இங்கே கண் பரிசோதனை இலவசம்." கீழ பொடி எழுத்துல, "கைபிடித்து அழைத்துவர ஆள் தேவை எனில் முன்கூட்டியே சொல்லவும்."

தங்கை: அது எங்க அண்ணனோட குசும்பு. கடை அவரோடது, நான் கல்லாவுல... அண்ணா! ஆள் வந்திருக்காங்க!

கடைக்காரர்: போர்டு முன்னால நின்னு போட்டோ எடுக்கணுமாமா? எடுத்துக்கச் சொல்லு!

வந்தவர்: இல்லங்க. கண்ணு பாக்கணும்.

கடைக்காரர்: அட, நிஜக் கஸ்டமரா? வாங்க வாங்க. போர்டு மாட்டினதுலேர்ந்து வர்றவன் எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போறான், கண்ணாடி வாங்குறவன் ஒருத்தனும் இல்ல.

தங்கை: சார், கார்டு போடணும். என்ன வேலை பாக்குறீங்க?

வந்தவர்: ஸ்கூல்ல... விளையாட்டு வாத்தியார்.

தங்கை: விசில் ஊதுற வாத்தியாரா! எங்க வாத்தியார் ஊதுற விசில்ல பாதி தப்பாவே இருக்கும்.

வந்தவர்: பசங்க எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க.

கடைக்காரர்: அவளை விடுங்க சார், வாய் ஓயாது. உள்ள வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தாடையை இது மேல வைங்க... நெத்தி முன்னால ஒட்டணும்... அவ்ளோதான். கண்ணுல என்ன தொந்தரவு?

வந்தவர்: தொந்தரவு இருக்கா இல்லையான்னே தெரியல. அதைத்தான் கேக்க வந்தேன்.

கடைக்காரர்: ஏதாவது மங்கலா தெரிஞ்சுதா?

வந்தவர்: இல்ல. தெளிவா தெரிஞ்சுது. அதான் பிரச்சினை.

கடைக்காரர்: ஹஹ்... அசையாதீங்க. கூண்டுச் சண்டை பாப்பீங்களா சார்?

வந்தவர்: பாப்பேன். கிட்ட இருந்து.

கடைக்காரர்: டிவிக்கு ரொம்பக் கிட்ட உக்காராதீங்க, கண்ணு வலிக்கும். சனிக்கிழமை எங்க வெல்டர் சண்டை பாத்தீங்களா?

வந்தவர்: ம்.

கடைக்காரர்: பாத்துட்டு எப்படி சார் இவ்ளோ அமைதியா இருக்கீங்க? எனக்கு இன்னும் வயிறு எரியுது!

தங்கை: வெல்டர்னா பட்டப்பேரு மட்டும் இல்ல சார், நிஜமாவே வெல்டிங் பண்றவரு. இந்தக் கடை ஷட்டரே அவரு அடிச்சதுதான். அதோ செவுத்துல போட்டோ, அண்ணன் தோள்ல கை போட்டுக்கிட்டு. ரெண்டு பேரும் அப்படி ஒட்டு.

கடைக்காரர்: நீ கல்லாவுக்குப் போ... சார், நீங்களே சொல்லுங்க. மூணு ஜட்ஜு உக்காந்திருந்தாங்க. அதுல ஒருத்தரு ரெண்டாவது ரவுண்டை எதிராளி நெட்டையனுக்குக் கொடுத்தாரு. ஏன்? நெட்டையன் மேல படுத்திருந்தானாம்! மேல படுத்திருந்தா மார்க்குன்னா, எங்க வீட்டுப் பூனைக்குத் தினமும் சாம்பியன் பெல்ட் கொடுக்கணும்.

வந்தவர்: படுத்துக்கிட்டே முழங்கையால அடிச்சானே.

கடைக்காரர்: யாரு கட்சி சார் நீங்க?

வந்தவர்: யாரு கட்சியும் இல்ல.

கடைக்காரர்: அப்படிச் சொல்றவங்கதான் ஆபத்து... இப்ப இந்த அட்டையைப் பாருங்க. எது வரைக்கும் தெரியுது?

வந்தவர்: கடைசி வரி வரைக்கும். அதுக்குக் கீழ அச்சடிச்சவங்க விலாசம் இருக்கு. படிக்கணுமா?

கடைக்காரர்: என்னது? அது விலாசமா? நான் கோடுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!

தங்கை: அண்ணா, அந்த ஸ்டூல்ல நீ உக்காரு, சார் பாக்கட்டும்.

கடைக்காரர்: போடி... சரி, லென்ஸ் மாத்தி மாத்திப் போடுறேன். இது தெளிவா... இல்ல, இதுவா?

வந்தவர்: ரெண்டும் ஒண்ணுதான்.

கடைக்காரர்: டிராவா? இங்க டிரா கிடையாது சார். முடிவைச் சொல்லணும்.

வந்தவர்: முதல்ல போட்டதைத் திரும்பப் போட்டுக் காட்டுவீங்களா?

கடைக்காரர்: எத்தனை தடவை வேணாலும் காட்டுறேன்.

வந்தவர்: குடுத்து வெச்சவங்க சார் உங்க கஸ்டமருங்க. எல்லாருக்கும் ரெண்டாம் தடவை பாக்கக் கிடைக்காது.

கடைக்காரர்: நீங்க என்ன, அந்த ரெஃப்ரீக்குப் பரிஞ்சு பேசுற மாதிரி இருக்கு? கேளுங்க சார். மூணாவது ரவுண்டு. நெட்டையன் பின்னால ஒட்டிக்கிட்டுக் கழுத்துல கை போட்டு நெரிக்கிறான். எங்காளு வலது கையால அந்தப் பிடியைப் பிரிச்சுக்கிட்டே இருக்கான். பிரிச்சுடுவான்! திடீர்னு இந்த ஆளு குறுக்க பாய்ஞ்சு விழுந்து, "தரையைத் தட்டிட்டான், விட்டுக்கொடுத்துட்டான், தோத்துட்டான்"னு கையை வீசுறாரு. யாரு சார் தட்டினா? எங்காளு எழுந்து நின்னு, நான் தட்டவே இல்லன்னு கதறுறான்!

வந்தவர்: இடது கை?

கடைக்காரர்: இடது கைக்கு என்ன? அந்தக் கை கிளவுஸ்ல டேப் பிரிஞ்சு வால் மாதிரி தொங்கிட்டிருந்துச்சு. ரெஃப்ரீன்னா அதையில்ல முதல்ல கவனிச்சு ஒட்டச் சொல்லணும்! அந்த ஆளு...

வந்தவர்: டேப்பா?

கடைக்காரர்: ஆமா, வெள்ளை டேப்பு.

வந்தவர்: எங்க பாத்தீங்க அதை?

கடைக்காரர்: டி... டிவிலதான்.

தங்கை: எந்த டிவில? சனிக்கிழமை லென்ஸ் வாங்கப் போறேன்னு மத்தியானமே கெளம்பிட்டியே?

கடைக்காரர்: அந்த லென்ஸ் கடையில ஒரு டிவி இருக்கு! உனக்கு எல்லாம் சொல்லிட்டுதான் பாக்கணுமா?

தங்கை: லென்ஸும் வரல. ராத்திரி நீ திரும்பி வந்தப்ப தொண்டை கட்டி, காத்து மட்டும்தான் வந்துச்சு. கேட்டா ஐஸ் தண்ணியாம்.

கடைக்காரர்: சார், கடைசி டெஸ்ட்டு. ஓரப் பார்வை. இந்த மெஷினுக்குள்ள பாருங்க. நடுவுல இருக்கிற புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஓரத்துல எங்க வெளிச்சம் மின்னினாலும் இந்தப் பட்டனை அமுக்குங்க.

தங்கை: சார், அது ஒரு திருட்டு மெஷின். சில சமயம் "டிக்"னு சத்தம் மட்டும் போடும், வெளிச்சமே வராது. ஆனா நெறைய பேரு வந்துடுச்சுன்னு நெனச்சு அமுக்கிடுவாங்க. நான்கூட அமுக்கினேன்.

கடைக்காரர்: ரகசியத்தை ஏண்டி போட்டு ஒடைக்கிற? அது எதுக்குன்னா சார், சில பேருக்கு இல்லாததெல்லாம் தெரியும். அதைப் பிடிக்கத்தான்.

வந்தவர்: அதுதான் எனக்கு வேணும். போடுங்க.

கடைக்காரர்: ...ம். ...ம். நல்லாப் போகுது... பேசாதீங்க... ம்.

தங்கை: சார், உங்க போன் மேசை மேல அடிச்சுக்கிட்டே இருக்கு. "சங்கச் செயலாளர்"னு வருது.

வந்தவர்: அடிக்கட்டும்மா. இது முடியாம எடுக்க முடியாது.

கடைக்காரர்: முடிஞ்சுது, முடிஞ்சுது. தலையை எடுங்க. ஏய், இங்க வந்து பாரு! ஒரு புள்ளி விடல! இல்லாத வெளிச்சத்துக்கு ஒரு தடவைகூட அமுக்கல! சார், இந்த மெஷின் வாங்கினதுலேர்ந்து இப்படி ஒரு கண்ணை நான் பாத்ததே இல்ல. தங்கக் கண்ணு சார்! படிக்கும்போது மட்டும் லேசா வெள்ளெழுத்து இருக்கலாம், அது வயசு. கெளம்புங்க, ராஜாவாட்டம் போங்க.

வந்தவர்: எவ்ளோ ஆச்சு?

தங்கை: நான் பில் போடுறேன் சார்...

வந்தவர்: போர்டுல இலவசம்னு போட்டிருக்கே.

கடைக்காரர்: அது ரெஃப்ரீக்கு மட்டும்னு அவ முதல்லயே சொன்னாளே சார்.

வந்தவர்: ஆமா. சொன்னாங்க.

தங்கை: அய்யய்யோ... அண்ணா... கறுப்புச் சட்டை போட்டு, கிளவுஸ் மாட்டி நெனச்சுப் பாரு!

கடைக்காரர்: நீங்க... நீங்களா சார்?

வந்தவர்: திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போனேன். பசங்க கண்ணை மூடிக்கிட்டு, கையை நீட்டித் தடவித் தடவி என் முன்னால நடந்து காட்டினானுங்க. கூண்டுச் சண்டைச் சங்க ஆபீசுக்கு யாரெல்லாமோ பழைய மூக்குக்கண்ணாடியைப் பார்சல் பண்ணியிருக்காங்க. ஒண்ணு என் பொண்டாட்டிக்குப் பொருத்தமா இருந்துச்சு, வெச்சுக்கிட்டா.

தங்கை: ஹஹ்ஹா... மன்னிச்சுக்கோங்க சார், சிரிப்பு வந்துடுச்சு.

வந்தவர்: சிரிம்மா, பரவால்ல. அவளும் சிரிச்சா. இந்த வாரம் இன்னொரு சண்டை இருக்கு. நீங்க வர்றீங்களா, இல்ல ஒதுங்கிக்கிறீங்களான்னு செயலாளர் கேக்குறாரு. கண்ணுல கோளாறுன்னா ஒதுங்கிடுறேன்னு சொல்லியிருக்கேன். கூண்டுக்குள்ள ஒருத்தன் கழுத்து என் கண்ணை நம்பித்தான் இருக்கு. அதனால வந்தேன்.

கடைக்காரர்: அப்படிங்களா... சரி... ஒண்ணு சொல்றேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மெஷினு கொஞ்சம் பழசு. ஒரு டெஸ்ட்டை வெச்சு முடிவு பண்ணிட முடியாது. வலது கண்ணுல லேசா ஒரு... எதுக்கும் கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துட்டு...

தங்கை: இப்பதானே தங்கக் கண்ணுன்னு சொன்ன?

கடைக்காரர்: நீ பேசாத!

தங்கை: ராஜாவாட்டம் போங்கன்னு சொன்னியே! ராஜா யாருன்னு தெரிஞ்சதும் வலது கண்ணு நொள்ளையாயிடுச்சா?

வந்தவர்: விடும்மா. ஆளு யாருன்னு தெரிஞ்சதும் மார்க்கு மாறுறது எனக்குப் புதுசு இல்ல. ஜட்ஜுங்களுக்கே நடக்கும்.

கடைக்காரர்: சார், நான் அந்த அர்த்தத்துல...

வந்தவர்: நீங்க கண்ணைப் பத்திச் சொன்னது போதும். நான் நொந்துபோய் இருக்கிறது வேற ஒண்ணுல. உங்க வெல்டர் கை தட்டினதை நான் பாத்தேன். இடது கை, தரையோட தரையா. ஆனா நானும் அந்த டேப்பைப் பாத்தேன். ராத்திரியெல்லாம் அதே நெனப்புதான். கை தட்டுச்சா... இல்ல, பிரிஞ்ச டேப் காத்துல ஆடினதைப் பாத்துட்டு, கைன்னு நெனச்சுப் பாய்ஞ்சேனா?

தங்கை: டிவில போட்டுப் பாத்தா தெரிஞ்சுடுமே சார்?

வந்தவர்: அதாம்மா விஷயம். டிவில அந்தக் கையே இல்ல. கேமரா எல்லாம் எனக்கு எதிர்ப்பக்கம். வலது கை மட்டும்தான் தெரியும். இடது கை நெட்டையனோட முதுகுக்குப் பின்னால மறைஞ்சிருக்கும். டேப் பிரிஞ்சதே அந்தக் கடைசிப் பிடியிலதான். எத்தனை கேமரா இருந்துச்சோ அத்தனையும் வாங்கிப் போட்டுப் பாத்துட்டேன். டேப் எதுலயும் இல்ல.

தங்கை: அப்ப லென்ஸ் கடை டிவில மட்டும் எப்படி...

வந்தவர்: அந்த டேப்பைப் பாக்கணும்னா, கூண்டுக்கு இந்தப் பக்கம், நான் குனிஞ்சிருந்த பக்கமா, முன்வரிசையில உக்காந்திருக்கணும். வேற வழியே இல்ல.

தங்கை: அண்ணா... முன்வரிசை டிக்கெட்டா? லென்ஸ் வாங்க வெச்சிருந்த காசுலயா?

கடைக்காரர்: வெல்டர் தானா கொண்டுவந்து கொடுத்தான். காசு வாங்கல.

தங்கை: அப்ப எதுக்கு என்கிட்ட லென்ஸு, ஐஸ் தண்ணின்னு கதை விட்ட?

கடைக்காரர்: உன்கிட்ட மட்டுமா சொன்னேன்? அங்க போனேன்னே நான் யாருகிட்டயும் சொல்லல.

தங்கை: ஏன்? ஊரே போனேன் போனேன்னு பீத்திக்குது. நீ முன்வரிசையில உக்காந்துட்டு எதுக்கு மறைக்கிற?

வந்தவர்: மறுபடி அடிக்குது. செயலாளர்தான். எடுத்துப் பேசணும். நான் உங்ககிட்ட சண்டைக்கு வரல. நான் பாத்ததைப் பாத்த இன்னொரு ஆளு ஊர்ல இருக்காரான்னுதான் தேடிட்டிருக்கேன். சொல்லுங்க. டேப் ஆடுச்சா... கை தட்டுச்சா? நான் என்ன பதில் சொல்லட்டும்?

தங்கை: சொல்லேண்ணா. போன் நின்னுடப் போகுது.

கடைக்காரர்: எடுங்க சார்... வரேன்னு சொல்லுங்க. டேப்பு இல்ல, கைதான். மூஞ்சி நீலமா போயிடுச்சு சார் அவனுக்கு... "தட்டிடுடா, பெல்ட்டு போனா போகுது, தட்டிடு"ன்னு தொண்டை கிழியக் கத்தினதே நான்தான்.