வெட்டச் சொன்ன பதினோரு நிமிடம்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, துயரத்தை அடக்கிக்கொண்டு வந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, என் துறைத் தோழர்களே! முன்வரிசை நாற்காலிகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன? சாய்வுக் கட்டிலில் படுத்து மனதில் உள்ளதைப் பேசும் நோயாளியின் தலைமாட்டில், அவர் கண்ணில் படாமல் உட்கார்ந்தே காலத்தைக் கழித்த கூட்டமல்லவா நாம்! பழக்கம் விடவில்லை. இன்றைக்கு ஒருநாள் முன்னால் வாருங்கள். டேப் அக்கா போய்விட்டார். அவருக்காகவாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

உளப்பகுப்பாய்வு மருத்துவர். நம் சங்கத்தின் ஒலிப்பதிவுக் காப்பாளர். என்னைவிட நான்கு வயது இளையவராக இருந்தும் என்னையும் தன்னை ‘அக்கா’ என்று கூப்பிட வைத்தவர். என்ன செய்தார் அவர்? நம் துறையின் முன்னோடிகள் அறுபத்தொரு பேரைத் தேடிப் போய், உட்கார வைத்து, பேச வைத்தார். எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள், யாரிடம் கற்றீர்கள், எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்று கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள்! கேசட்டில் பதிந்து, நகல் எடுத்து, கேட்டவருக்கெல்லாம் அனுப்பினார். ஆலோசனை கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளில் தனியாக வேலை பார்த்த எத்தனை டாக்டர்கள் அந்தக் குரல்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள்! இந்த அரங்கிலேயே பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

முதல் பதிவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான பெரியவரின் வீடு. ரெக்கார்டரை ஓடவிட்டு அக்கா காத்திருந்தார். நம் வேலையில் எதிராளிதானே முதலில் பேச வேண்டும், நாம் காத்திருந்து கேட்க வேண்டும்? பெரியவருக்கும் அதே பழக்கம். அவரும் காத்திருந்தார். இரண்டு உளப்பகுப்பாய்வாளர்கள், முப்பத்தெட்டு நிமிடம், வாயே திறக்கவில்லை! மின்விசிறிச் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கிறது. கடைசியில் பெரியவரின் மனைவி எட்டிப் பார்த்து, “என்ன, ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?” என்று கேட்டாராம். அந்தக் கேசட்டையும் அக்கா அழிக்கவில்லை. “நம்ம வேலையை இதைவிட நல்லா யாரு விளக்கிட முடியும்?” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எதையும் தானாக வெட்ட மாட்டார். பேசியவரே வேண்டாம் என்றால், அந்தப் பகுதியைத் தனிக் கேசட்டில் எடுத்து, உறையிலிட்டு ஒட்டி, பேசியவர் பெயரை எழுதி, பீரோவில் வைத்துவிடுவார். “அழிக்க மாட்டேன், வெளியிடவும் மாட்டேன். மனசு மாறினா சொல்லுங்க” என்பார். அறுபத்தொரு பேரில் எத்தனை உறைகள் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றே ஒன்று. அதில் இருந்தது என் பெயர்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அக்கா என்னைப் பேட்டி எடுத்தார். பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டேன். என் மனைவி இறந்த எட்டாம் நாளே நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவில்லை. வாரம் நான்கு நாள் என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, படுத்தபடியே கேட்டார்: “டாக்டர், நீங்க இங்கதான் இருக்கீங்களா?” நான் என்ன சொன்னேன்? “உங்க அம்மா உங்களைக் கவனிக்காம விட்ட மாதிரி நானும் விட்டுடுவேன்னு பயப்படறீங்க” என்றேன். அடடா, எவ்வளவு கெட்டிக்காரத்தனமான விளக்கம்! அந்த அம்மா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, “சரிங்க டாக்டர், என் தப்புதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை.

பேட்டி முடிந்த மறுநாளே அதை வெட்டச் சொன்னேன். பதினோரு நிமிடம். மீதி வெளியே போனது. அந்த மீதியில் நான் எவ்வளவு பெரிய மனிதன்!

மூன்று மாதத்துக்கு முன், மூச்சு வாங்க என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார் அக்கா. “உங்க பேட்டியைக் கேட்டுட்டு ஒரு சின்ன டாக்டர் வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்திருக்கா. ‘அவர் ஒரு தடவைகூட தப்பு பண்ணலையே, நான் தினம் பண்றேனே’ன்னு அழறா. அந்தப் பதினோரு நிமிஷத்தைக் குடுத்துடலாமா?” ஒன்பது ஆண்டுகளில் அவர் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் கத்தினேன். “என்னை ஊர் சிரிக்கணுமா உங்களுக்கு?” என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “சரி, உங்க இஷ்டம்” என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுகிறவர்களின் மனதைப் பற்றி மணிக்கணக்கில் பாடம் எடுத்தவன் நான்! அதற்குள் அவர் போய்விட்டார். அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள்.

நேற்று அவருடைய கணவர் அந்த உறையைக் கொண்டுவந்தார். “இதை உங்ககிட்ட சேர்க்கச் சொன்னா. ‘அவர் கோவக்காரர், ஆனா கல்நெஞ்சுக்காரர் இல்ல’ன்னும் சொன்னா” என்றார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அக்கா அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

தலைவர் அவர்களே, இதோ உறை. எல்லோரும் கேட்கட்டும். அறுபத்திரண்டாவது பேட்டியை யார் எடுப்பது என்று தயங்காதீர்கள். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நான் போகிறேன். என் கால் ஓய்ந்தால் உங்களில் ஒருவர் வாருங்கள். அக்கா தொடங்கியது நின்றுபோகாது. இது இந்தக் கூட்டத்தின் முன் நான் தரும் வாக்கு. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்த டாக்டர் அம்மாவும் இங்கே வந்திருப்பதாகச் சொன்னார்கள். நீங்கள் எழுந்து நிற்க வேண்டாம், கை தூக்கவும் வேண்டாம். முதலில் இதைக் கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பேச்சும் பதிவாகிறது. அன்று எழுந்து போன அந்த அம்மா எங்கே இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. என்றைக்காவது அவர் காதில் இது விழட்டும். அம்மா, நீங்கள் கேட்டது சரிதான். அன்றைக்கு நான் அங்கே இல்லை. தப்பு உங்களுடையது அல்ல.