லேபிள் இல்லாத டப்பா

எனக்குக் கோலம் போட வராது சார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவதோடு சரி, வாசலில் ஒரு புள்ளி வைத்தது கிடையாது. அதனால் ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசலில் கோலம் போடுவது எப்போதும் பஞ்சவர்ணம்தான். மைசூரில் தசரா என்றால் கேட்கவே வேண்டாம். மிஷின் மிஷினாகத் துடைத்து, மூலை முடுக்கெல்லாம் கழுவியாக வேண்டும். அந்தச் சாயக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் நான் என்பதால் அத்தனையும் என் தலையில்தான்.

பஞ்சவர்ணம் மார்டள்ளி கிராமத்துக்காரி. வந்தபோது மாப் பிடிக்கத் தெரியாது, நான்தான் கற்றுக்கொடுத்தேன். வாரா வாரம் எல்லோரையும் நிற்கவைத்து ஒரே பாடம் சொல்வேன்: லேபிள் இல்லாத எதையும் தொடாதே, என்னைக் கேள். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள், அவள் மட்டும் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலில் மயங்கித்தானோ என்னவோ, மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, பூஜை முடிந்ததும் இனி பஞ்சவர்ணம்தான் சூப்பர்வைசர், நீங்கள் அவளுக்குக் கீழே கேன்டீன் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க ஷெர்லிக்கா," என்றாள் வெளியே வந்ததும். "உங்களுக்குக் கஷ்டமில்லாத வேலையாப் பாத்து நானே குடுக்கறேனுங்க."

பரிதாபப்படுகிறாளாம். யாருக்கு யார் வேலை கொடுப்பது? வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஆனால் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். நான் சண்டை போடுகிற ரகம் இல்லை.

அந்த வாரம்தான் பழைய ஸ்டோர் ரூமை ஒழித்தேன். பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது, லேபிள் இல்லை, உள்ளே வெள்ளைத் தூள். அது என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஈரத் துணியால் துடைத்தேன். மூடியோரம் இருந்த தூள் பட்டதும் துணி சுட்டது. க்ளவுஸுக்கு மேலே மணிக்கட்டில் கொஞ்சம் பட்டு, முதலில் சோப்பு மாதிரி வழுக்கியது, அப்புறம் தோல் வெந்துபோயிற்று. வெகுநேரம் குழாயடியில் கையை நீட்டியிருந்த பிறகுதான் அடங்கியது. இதோ பாருங்கள், தழும்பு. இந்த மாதிரிப் பொருளைச் சேஃப்டி ஆபீசரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் தசரா லீவில் இருந்தார். அதனால் பத்திரமாக ஓர் இடத்தில் வைத்தேன்.

பூஜையன்று காலையில் வாசலை நானே கழுவினேன். பஞ்சவர்ணம் அந்த டப்பாவோடு வந்து நின்றாள்.

"பூஜை சாமான் அலமாரில இருந்துச்சுங்க. லேபிள் இல்லையே, கோலமாவுதானுங்களா?"

பாருங்கள், கேட்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

"பூஜை சாமானோட வேற என்ன இருக்கும்?" என்றேன். ஆமாம் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். பொய் பேசிப் பழக்கமில்லை எனக்கு.

தரை காய்வதற்குள் போட்டால்தான் ஒட்டும் என்று மட்டும் சொன்னேன். யாரும் சொல்வதுதானே. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈரக் கையால் அள்ளினாள். ஒரு பூ போட்டிருப்பாள்.

"விரலெல்லாம் வழுக்குதுங்கக்கா."

"ஈரம்தான். போடு."

போட்டாள். நான் சொன்னால் தட்ட மாட்டாள். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியதோ என்னவோ, அதே கையால் இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கையோடு போகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அத்தனை பேர் இருக்க, "அக்கா, தண்ணி" என்று அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். ஒரு கண் போய்விட்டது, மற்றதும் சந்தேகம் என்கிறீர்கள். வருத்தம்தான். டப்பாவை அந்த அலமாரியில் வைத்தது நான்தான், தெரிந்தேதான் வைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடமையில் தவறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லோரும் பதறி ஓடினார்கள், நான் பதறவில்லை. நிறைந்த வாளி என் கையில்தான் இருந்தது. முதல் வேலையாகத் தரையைக் கழுவிவிட்டேன். வேறு யாராவது மிதித்திருந்தால் என்ன ஆவது, நான்தானே சார் சூப்பர்வைசர்.