தலைவரைப் புகழ்ந்த நோட்டீசு

அப்ப, அந்த நோட்டீசை எழுதினது என்ரை மகள் எமிலியானாதான் எண்டு அலோசியஸ் தலைவர் முடிவே கட்டிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, சனத்துக்கு முன்னாலை அவள் மைக்கிலை மன்னிப்புக் கேக்கவேணும். அதைச் சொல்லத்தான் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் எண்டு உங்களை அனுப்பினவர். தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி, ஆறப்போகுது. இந்தப் பலேர்மோவிலை கபோச் சந்தைக்குள்ளாலை இடிபட்டு வந்து நாலு மாடி ஏறியிருக்கிறியள். போன வருசம் நான் காய்ச்சலிலை கிடக்கேக்கை சங்கத்திலையிருந்து ஒரு காக்காயும் ஏறேல்லை. குறையாச் சொல்லேல்லை, உங்களுக்கும் வேலை கூடத்தானே.

என்ன ஆதாரம்? அவள் படிக்கிற படிப்போ?

ஓம், யூனிவர்சிற்றியிலை இங்கிலீசு இலக்கியம். முந்நூறு வருசத்துக்கு முந்தி லண்டனிலை ரெண்டு கட்சிக்காரர் ஆளையாள் நாறடிச்சு நோட்டீசு அடிச்சவையாம். பேர் போடுறேல்லை. கோப்பிக்கடை வழிய குந்தியிருந்து சனம் வாசிச்சுச் சிரிக்குமாம். எழுதினவன் பிடிபட்டால், சந்தியிலை மரச்சட்டத்துக்குள்ளை கழுத்தையும் கையையும் பூட்டி நிப்பாட்டி விடுவினமாம், போறவன் வாறவன் அழுகல் முட்டை எறிய. உதுக்கு ஒரு படிப்போ, எங்கடை சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தால் காணுமே எண்டு நான்கூடக் கேட்டனான்.

பகிடி தம்பி. சிரிக்கலாம்.

அதிலை ஒரு வித்தை இருக்காம். எதிரியைத் திட்டுறேல்லை. அவன்ரை வாயாலையே கதைக்கிறது. அவன் சொல்லுறதை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லிவிடுறது. எதிரியும் வாசிச்சிட்டு, ஆகா எங்கடை ஆள் எண்டு கை தட்டுவானாம். பிறகு மற்றவன் சிரிக்கேக்கைதான் விளங்குமாம். அப்பிடியும் ஒரு மொக்கன் இருப்பானோ எண்டு நான் நம்பேல்லை.

பிறகு எங்கடை தலைவர் மைக்கைப் பிடிச்சார்.

நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள். திருநாள் சாப்பாடு, மண்டபம் முட்டச் சனம், கதிரை வழிய நோட்டீசு. மேலை பெரிய எழுத்திலை, எங்கள் தலைவரின் பொன்னான அறிவுரை. மனுசன் அதுக்குக் கீழை ஒரு வரி பார்க்கேல்லை. தொண்டையைச் செருமிப்போட்டு வாசிக்கத் தொடங்கிட்டார். வேலைத்தலத்தில் தீக்காயப்பட விரும்பும் தமிழர் லீவு எடுத்து வீட்டுக்குப் போய்ச் சுட்டுக்கொண்டு வரவும். கால் முறிக்க விரும்புவோர் தங்கள் சொந்தப் படிக்கட்டைப் பாவிக்கவும். எண்ணெய் முதலாளியுடையது, அதைத் தோலில் வீணாக்க வேண்டாம். கவிதை வாசிக்கிற மாதிரி ஏத்தி இறக்கி வாசிச்சவர். முதல்லை கை தட்டினது நீங்கள்தான் எண்டு நினைக்கிறன். பிறகுதானே குசினிப் பக்கம் பெண்டுகள் சிரிக்கத் தொடங்கினது.

ஏன் சிரிச்சவை எண்டு தெரியாத மாதிரிப் பார்க்காதேங்கோ. எங்கடை வதனி. வன்னியிலையிருந்து தனிய வந்த பிள்ளை. மொண்டெல்லோக் கடற்கரையிலை ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியிலை ஒரு பதிவும் இல்லாமல் வேலை செய்தவள். கொதியெண்ணெய்ச் சட்டி சரிஞ்சு வலக்கை முழங்கை வரை வெந்து போச்சு. வேலையிலை பட்டது எண்டால் விசாரணை வரும், முதலாளிக்குத் தண்டம் வரும். அந்த முதலாளிதானே எங்கடை திருநாளுக்கு மீனும் வைனும் தாறவர். தலைவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய், வீட்டிலை பொரிக்கேக்கை பட்டது எண்டு சொல்லு பிள்ளை, தமிழருக்குக் கெட்ட பேர் வரக்கூடாது எண்டு சொல்லிக் குடுத்தவர். நோவிலை கிடந்த பிள்ளை அப்பிடியே சொல்லிச்சுது. அடுத்த கிழமை முதலாளி வேறை ஆளை எடுத்திட்டான். அவளுக்கு இப்பவும் விரல் மடங்காது. தலைமயிர் நான்தான் பின்னி விடுறனான்.

தலைவரின்ரை மரியாதையோ? போகட்டும் தம்பி. அந்தப் பிள்ளையின்ரை கையை விடப் பெரிசோ.

எமிலியானாவைக் கேளுங்கோவன், வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் அவள் பலேர்மோவிலை பிறந்தவள். தமிழ் கதைப்பாள், அதுவும் சிசிலியாக்காரர் மாதிரி இழுத்து இழுத்து. எழுதத் தெரியாது. அம்மா எண்டு எழுதச் சொன்னால் இத்தாலி எழுத்திலைதான் எழுதுவாள். அந்த நோட்டீசிலை ஒரு எழுத்துப் பிழை காட்டுங்கோ பாப்பம்.

நான்தான் எழுதினது. ரெயில் ஸ்தாசியோனேக்குக் கிட்டப் போட்டோக்கொப்பி அடிச்சதும், சோத்துக் கிடாரத்தை இறக்கி வைச்சிட்டுக் கதிரை வழிய வைச்சதும் நான்தான். ஒருத்தரும் என்னைச் சந்தேகப்படாதது எனக்குக் கொஞ்சம் கவலை.

மன்னிப்போ? மைக்கைத் தாங்கோ, கேக்கிறன். எப்ப முடிப்பன் எண்டு மட்டும் கேக்காதேங்கோ.

எழும்பாதேங்கோ. மகள் எங்கை எண்டு வந்தவுடனை கேட்டனீங்கள். வதனியைக் கூட்டிக்கொண்டு தொழிற்சங்கத்துக்குப் போயிட்டாள். ஓம், அவளும் ஒண்டு எழுதினவள்தான், இத்தாலிப் பாஷையிலை. அதிலை பகிடி ஒண்டும் இல்லை. நடந்தது நடந்தபடி ஒரு முறைப்பாடு. வதனி இடக்கையாலை கையெழுத்து வைச்சவள். அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குத் தலைவரை ஏத்திக்கொண்டு கார் ஓடினது நீங்கள் எண்டபடியால், உங்கடை பேரும் அதிலை இருக்குது தம்பி.