முன்சக்கரம் இரண்டையும் நான்தான் கழற்றினேன்

ஆதார் அட்டையில் உள்ள என் பெயரைக் காவல் நிலைய எழுத்தர் மேலே எழுதிக்கொண்டார். அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. ஜாக்கியக்கா என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தெட்டு. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில், மூன்றாவது கொட்டகையில், கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் பட்டறை நடத்துகிறேன், மாடியில் குடியிருக்கிறேன். புகார் கொடுத்தவன் என் உடன்பிறந்த தம்பி, வாடகைக் கார் ஓட்டுகிறான். யாரும் மிரட்டி நான் இதைச் சொல்லவில்லை. என்னை மிரட்டுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்றேன். அதெல்லாம் எழுதத் தேவையில்லை என்றார் எழுத்தர், எழுதுங்கள் என்றேன்.

இந்த மாதம் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அவன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். மலைமேல் குடியிருக்கும் நர்சுகள் நான்கு பேரைத் தினமும் அந்தக் காரில்தான் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கிவருகிறான். வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் 'டொக்கு' என்று சத்தம் வருகிறது என்றான். நான் முதலில் பானெட் ஓரத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டேன். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் கார் ஒரு தடவை எழும்பி அடங்கிவிடும். இது மூன்று தடவை ஆடியது. குனிந்து பார்த்ததில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தது. டயர் உள்ஓரம் மட்டும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. அதன் பின் ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். ஆடக் கூடாது, ஆடியது. சக்கரத்தைக் காரோடு பிடித்து வைத்திருக்கும் பால் ஜாயின்டில் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், துரு ஏறியிருந்தது. ஷாக் அப்சார்பர் போனால் உடம்பு வலிக்கும், பிரேக் பிடிக்க நேரமாகும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிக்கொள்ளும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. மலைப்பாதையில் அதற்கு அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மாற்றுச் சாமான் கையில் இல்லை, இரண்டு நாளில் வரும் என்றேன். "ஓடுமா?" என்று கேட்டான். "ஓடும்" என்றேன். என் தப்பு இங்கேதான் இருக்கிறது, அதையும் நானே சொல்கிறேன். எங்கள் பட்டறையில் 'ஓடும்' என்றால், நடக்கிற வேகத்தில் வீடுபோய்ச் சேரும் என்று அர்த்தம், அவ்வளவுதான். நன்றாக இருக்கும் காரைப் பார்த்து 'ஓடும்' என்று சொல்லவே மாட்டோம். 'ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ' என்போம். நித்தம் பட்டறைக்கு வந்துபோகிறவன், கூடப்பிறந்தவன், அவனுக்கு இது தெரியும் என்று நினைத்துவிட்டேன். அவன் அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு பத்தொன்பது நாள் மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறான்.

சாமான் வந்ததும் ஐந்து தடவை போன் செய்தேன். "நீதானேக்கா ஓடும்னு சொன்ன? ஓடிக்கிட்டுதானே இருக்கு?" என்றான். அந்த வார்த்தைக்கு எங்கள் அர்த்தம் வேறு என்று விளக்கினேன். "சும்மா பூச்சாண்டி காட்டாதக்கா. மாசக் கடைசியில ஆஸ்பத்திரில ஒப்பந்தம் புதுப்பிக்கிறாங்க, ஒரு நாள் நிறுத்தினா வேற காரைப் போட்டுடுவாங்க. சத்தம் கேக்காம இருக்கப் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வெச்சுட்டேன்" என்றான். பால் ஜாயின்டுக்குப் பாட்டு வைத்தியம் பார்த்த ஒரே ஆள் உலகத்திலேயே என் தம்பிதான். நான் போனை வைத்துவிட்டேன்.

அதன் பின் இன்று காலை ஏழு மணிக்கு ஜாக்கியையும் நான்கு மரக்கட்டைகளையும் சரக்கு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்குப் போனேன். காரை நிறுத்திவிட்டு அவன் டீ குடிக்கப் போயிருந்தான். தூக்கி ஆட்டிப் பார்த்தேன். அன்றைக்குக் கையில் மட்டும் தெரிந்த ஆட்டம் இன்றைக்குக் கண்ணுக்கே தெரிந்தது. எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அப்போது அந்த நர்சுகளில் ஒருவர், காரில் விட்டுப்போன பையை எடுக்கத் திரும்பி வந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். "அதுவா? வளைவுல திரும்புறப்பல்லாம் கீழேருந்து யாரோ கதவைத் தட்டுற மாதிரியே இருக்கும். 'உள்ள வாங்க'ன்னு சொல்லிச் சிரிப்போம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அதன் பின் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, காரைக் கட்டைமேல் உட்காரவைத்துவிட்டு, சக்கரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று இங்கே மூன்று தடவை கேட்டார்கள். சொல்ல மாட்டேன்.

பதினொரு மணிக்குக் காவலர்கள் இருவர் வந்து என்னை அழைத்துவந்தார்கள். காரையும் தூக்குவண்டியில் நிலைய வளாகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தம்பி, "ஊரே பாக்க என் மானத்தை வாங்கிட்டியேக்கா!" என்றான். "உசிரு இருந்தாத்தான்டா மானம். வாயை மூடு" என்றேன். ஆய்வாளர் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். குடும்ப விஷயம், கோபத்தில் கழற்றிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று நான் ஒரு வரி சொன்னால் புகாரை முடித்துவிடலாம் என்றார். தம்பி உடனே சரி என்றான். கூட்டாளியிடம் இரண்டு சக்கரம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறானாம், மாட்டிக்கொண்டு நாளைக் காலை வழக்கம்போல் ஓட்டுவானாம்.

சமாதானம் ஆகாவிட்டால் கார் என்ன ஆகும் என்று கேட்டேன். திருட்டு வழக்கு என்றால் கார் வழக்குச் சொத்து, கோர்ட்டு சொல்லும்வரை இந்த வளாகத்தை விட்டு நகராது என்றார் ஆய்வாளர். உங்களையும் உள்ளே வைக்க வேண்டிவரும் அம்மா, யோசித்துப் பேசுங்கள் என்றும் சொன்னார். யோசித்தேன். சமாதானத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை. மன்னிப்பும் கேட்க மாட்டேன். முன்சக்கரம் இரண்டையும் நான் திருடினேன். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் தம்பியைப் பார்த்தார். அவனை என்ன பார்க்கிறீர்கள், எழுதுங்கள் என்றேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. திருடினேன் என்பதையும் உண்மை என்றே வைத்துக்கொள்ளவும்.

(கையொப்பம்)