சிவப்பு மூக்குத் துவக்கு

மொண்டெல்லோக் கடற்கரையிலிருந்து நகரத்துக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவன் மடியில் ஒரு நீளமான பை.

“டோர்ச்சைப் பின்னுக்குப் பூட்டினால் இந்தமுறையும் முதலிலை சாகிறது நீங்கள்தான்,” என்றாள் அவள்.

நான் புத்தகத்தை மூடினேன்.

“மெல்லக் கதையும். சனம் இருக்கு,” என்றான் அவன்.

“பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டுத் துவக்குக்கு என்ன பயம்?”

“இனியும் முதல் ஆளா விழுந்தால் அணியிலை இடமில்லை எண்டு கப்டன் சொல்லிப்போட்டார். போன ஞாயிறு டோர்ச் நல்லாத்தானே அடிச்சுது?”

“ஓம், விளையாட்டுத் துவக்கெண்டு தெரிய வைச்சிருக்கிற சிவப்பு மூக்கிலை அடிச்சுது. அது மின்னினதைப் பாத்துத்தான் உங்களைச் சுட்டவங்கள். டோர்ச் மூக்குக்குக் கிட்ட, பக்கவாட்டிலை இருக்கவேணும்.”

“மேலை பூட்டினால்?”

“மேலை குறி பாக்கிறதுக்கு மடிச்சு வைக்கிற கம்பி இருக்கு. லைற் எரியிற மற்றக் குறியின்ரை பற்றரி செத்தால் அதைத்தான் நிமித்திப் பாக்கவேணும். டோர்ச் மறிச்சால் எதைப் பாப்பியள்?”

“இதெல்லாம் எங்கை படிச்சனீர்?”

“நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டிலை உடுப்பு அயன் பண்ணேக்கை வீடியோ பாத்தனான். நேற்றே எல்லாம் மாத்திப் பூட்டிப்போட்டன். கப்டனோடையும் கதைச்சிட்டன். நாளைக்கு இருட்டுக் கட்டடத்துக்குள்ளை முதலிலை போறது நான். நீங்கள் எனக்குப் பின்னாலை வாங்கோ, விழமாட்டியள்.”

அவன் பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து உள்ளே பார்த்தான். பிறகு மூடி, பையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.

“அப்ப இதையும் நீரே தூக்கும்.”